பற்றாது

1

இந்தக் கதையை நானாகத் தொடங்கவில்லை. ஒரு பத்திரிகை அறிவியல் சிறப்பிதழ் கொண்டுவருகிறது. வேதிவினையில் மூலக்கூறுகள் எப்படிச் சேர்கின்றன, பிணைப்பு எப்படி உண்டாகிறது என்பதைப் பாடப்புத்தக வாசனை இல்லாமல் கதையாக எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். அந்த வாரம் யார் எதைக் கேட்டாலும் முடியும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

முதல் தொடக்கம் இது:

"தனிமையில் வாடிய இரண்டு அணுக்கள் ஒருநாள்..."

அடித்துவிட்டேன். அணுக்கள் வாடுவதில்லை. என் வாட்டத்தை அவற்றின் தலையில் கட்டுவது நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது:

"கல்யாணம் என்பதும் ஒருவகையில்"

இந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. பிணைப்பு என்றதும் கல்யாணத்தைத் தேடிப் போகிற கையை நானே பிடித்து நிறுத்தினேன். இந்தக் கதையில் கல்யாணம் கிடையாது. லேகாவுக்குக் கணவன் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு. திருவனந்தபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. நல்ல மனிதர். கதைக்கு அவர் தேவைப்படவில்லை.

லேகா யார் என்று நான் இன்னும் சொல்லவில்லை, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். எனக்கே அவளைப் பற்றி முழுதாகத் தெரியாது.

2

நான் பத்தாம் வகுப்போடு வேதியியலை விட்டவள். பிணைப்பை உடைத்தால் சக்தி வெளியே வரும் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன், மூட்டையைப் பிரித்தால் நெல் கொட்டுகிற மாதிரி. சிறப்பிதழுக்காகப் பழைய புத்தகங்களைத் திறந்தபோது அது தப்பு என்று தெரிந்தது. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு சேரும்போதுதான் வெப்பம் வெளியேறுகிறது. சேர்ந்ததைப் பிரிக்க வேண்டுமானால் வெளியிலிருந்து சக்தி கொடுத்தாக வேண்டும். சேர்ந்தவை பள்ளத்தில் கிடக்கிற கல் மாதிரி. கிடப்பதற்கு ஒரு செலவும் இல்லை. மேலே ஏற்றத்தான் உழைப்பு.

இதைப் படித்த அன்று நீண்ட நேரம் அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் விட்டுவிலகாத பல விஷயங்களை அன்பு என்றும் பொறுமை என்றும் பெயர் சொல்லி வைத்திருந்தேன். அவற்றில் சில வெறும் பள்ளமாக இருக்கலாம்.

கதை இப்படியே போனால் பத்திரிகைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று, இஞ்சிவிளையிலிருந்து பஸ் பிடித்து கேரளப் பக்கத்துப் பூவாருக்குப் போனேன். ஆற்றங்கரையில் ஃபைபர் படகுகளை ஒட்டிச் சரிசெய்கிற ஒரு ஷெட். அங்கே வேலை செய்த ஒரு பெண் பிளாஸ்டிக் மக் ஒன்றை என் கையில் தந்தார். அடியில் கொஞ்சம் பிசின், தேன் நிறத்தில். சும்மாதான் இருந்தது. யாரும் அடுப்பில் வைக்கவில்லை. என் கைக்குள்ளேயே அது மெல்லச் சூடாகி, தேநீர்க் கோப்பை மாதிரி ஆகி, பிறகு பிடிக்க முடியாமல் போனது.

"கீழ வச்சிருங்க சேச்சி, கை பொள்ளும்," என்றார் அவர். "ஒண்ணோடு ஒண்ணு சேருததுக்க சூடாக்கும்." சேர்வதன் சூடுதான் அது என்கிறார்.

[அந்தப் பெண்ணின் பெயர் லேகா இல்லை. இனி வரும் எதுவும் அவருக்கு நடந்ததில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த மக்கையும் அந்த ஒரு வாக்கியத்தையும் மட்டும்.]

3

லேகாவுக்கு நாற்பத்து மூன்று வயது. வேதியியலில் பட்டம் வாங்கியவள். உதியன்குளங்கரையிலிருந்து காலை பஸ்ஸில் பூவாருக்கு வந்து, ரெத்தினதாஸின் ஷெட்டில் பதினோரு வருடமாகப் பிசின் கலக்குகிறாள். மக்கில் பிசினை ஊற்றி, ஊதா நிறத்தில் ஒரு திரவத்தைச் சில சொட்டு விட்டு, கடைசியில் ஒரு வெள்ளைக் குப்பியிலிருந்து மூடியால் அளந்து இன்னொன்றை ஊற்ற வேண்டும். குப்பியில் இருப்பதற்கு கேட்டலிஸ்ட் என்று பெயர். ஷெட்டில் எல்லாருக்கும் அது மருந்து. மருந்து விழுந்த பிறகுதான் பிசின் இறுகத் தொடங்கும்.

(உள்ளே நடப்பது இது. மருந்தின் மூலக்கூறில் பலவீனமான ஒரு பிணைப்பு உண்டு. முதலில் அது உடைகிறது. உடைந்த துண்டுக்கு ஒரு எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும். அது பிசினில் இருக்கிற இரட்டைப் பிணைப்பு ஒன்றைத் தாக்கித் திறந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது அதன் மறுமுனையில் ஓர் எலக்ட்ரான் தனியாகும். அது அடுத்ததைத் திறக்கும். இப்படியே கோடிக்கணக்கில், திரவம் முழுதும் ஒரே வலையாகும் வரை. ஒருமுறை இறுகினால் எந்தச் சூட்டிலும் திரும்ப உருகாது. ஒன்று உடைந்தால்தான் மற்றவை கூடும் என்று இங்கே ஒரு வரி எழுதத் தோன்றியது. எழுதவில்லை, பாருங்கள்.)

லேகா கலக்கித் தருவதை வாங்கி, கண்ணாடி நார்ப் பாய்களை வைத்து, பிரஷ்ஷால் அடுக்கடுக்காகப் பூசி ஒட்டுகிறவர் எலியா. ஐம்பத்தாறு வயது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் நீரோடியிலிருந்து வருகிறார். முப்பது வருடமாகப் படகை உரசும் கிரைண்டரைக் காதருகே ஓட்டியதில் இடது காது போய்விட்டது. அது வெளியே தெரியக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் சிரித்து வைப்பார். லேகாவுக்கு மட்டும் தெரியும். அவர் சொல்லித் தெரிந்ததில்லை. எலியாவின் வலப்பக்கம் நின்று பேசினால் பதில் சரியாக வருகிறது என்று ஒருநாள் கவனித்தாள். அன்றுமுதல் எதைச் சொல்வதானாலும் நாலு எட்டு சுற்றிப் போய் வலப்பக்கம் நின்று சொல்வாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ரெத்தினதாஸுக்குச் சந்தேகம் உண்டு. சொன்னதைத் தப்பாகக் கேட்டு இந்த வருடத்திலேயே இரண்டு தடவை தெற்று, அதாவது தப்பு, ஆகிவிட்டது. ஒருதடவை எலியா வேறு படகின் அடியை உரசி வைத்தார்.

"எலே எலியா, உனக்க காதுல என்னத்த பஞ்சா வச்சிருக்கே? இனி ஒரு தெற்று வரட்டு, நீ நீரோடிக் கரையில இருந்து வலை பின்னு. இஞ்ச ஆளு உண்டு."

எலியா அதற்கும் சிரித்தார். "வலை பின்ன கண்ணு வேணும் மொதலாளி. எனக்கு அதும் கொறவாக்கும்."

ஷெட்டே சிரித்தது. லேகா சிரிக்கவில்லை.

4

(இந்தப் பகுதியில் எலியாவின் வீட்டைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது. மனைவி, அவளுடைய இருமல், கடலரிப்பில் போன சுவர். உங்களிடம் இரக்கம் வாங்குவதற்காக அதை எழுதியிருக்கிறேன் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டேன். அவருக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு போதும்.)

5

சனிக்கிழமை மதியம். ஆனி மாதச் சாரல். சிபி தன் படகைக் கரைக்கு ஏற்றியிருந்தான். உல்லாசப் பயணிகளை ஆற்றிலிருந்து கடல் சேரும் பொழிமுகம் வரை கொண்டுபோய் வருகிற எட்டு ஆள் படகு. தண்ணீருக்குள் கிடந்த ஏதோ ஒரு மரக்குற்றியில் மோதி, முன்பக்கம் அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். திங்கள் காலை ஒன்பது மணிக்கு சவாரி உண்டு, அதற்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

எலியா கீறலைச் சுற்றி உரசித் துடைத்து வைத்தார். லேகா மருந்துவரை அளந்து ஊற்றிக் கலக்கிய மக்கைப் பக்கத்துப் பலகையில் கொண்டுவைத்தாள்.

"பாயசம் ஆயாச்சா மக்கா?"

"ஆச்சு அண்ணே. முந்திரிப்பருப்பு மட்டும் இல்ல."

"அது சாரமில்ல. சிபிக்க படகுக்கு அது மதி." பரவாயில்லை, அதுவே போதும் என்கிறார்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். தகரக் கூரையின் இடுக்கு வழியாகச் சாரல் சொட்டி, உரசிய இடத்தில் பொடிப்பொடியாகத் தண்ணீர் நின்றது. ஈரத்தின்மேல் பிசின் ஒட்டாது. இறுகும், ஆனால் படகைப் பிடிக்காது. மறுபடி துடைத்து உலர்த்த வேண்டும்.

"அண்ணே, பற்றாது," என்றாள்.

சொன்னது அவருடைய இடப்பக்கம் நின்று. வலப்பக்கம் போக வேண்டுமென்றால் படகின் முனையைச் சுற்ற வேண்டும். காலையிலிருந்து ஒன்பது மக் கலக்கியிருந்தாள். முழங்கால் வலித்தது. அதே நேரம் வாசலிலிருந்து ரெத்தினதாஸ், "லேகா, இஞ்ச வா, ஃபோன்," என்று கூப்பிட்டார். எலியா தலையை ஆட்டியதைப் பார்த்தாள். கேட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது ஒட்டு முடிந்திருந்தது. காலி மக்கின் அடியில் மீந்த பிசின் மஞ்சளாகி, நெடுக வெடித்து, புகைந்துகொண்டிருந்தது. அவள் ஒட்டின்மேல் விரலை வைத்து, வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"நீ பத்தாதுன்னு செல்லிட்டு போனியே," என்றார் எலியா சந்தோஷமாக. "மழையில்லியா, ரெண்டு மூடி மருந்து கூட விட்டேன். பிடிச்ச பிடிய பாத்தியா! கல்லாக்கும்."

லேகா வாயைத் திறந்தாள். பின்னால் ரெத்தினதாஸ் வந்து நின்றார்.

"முடிச்சாச்சா? கொள்ளாமே எலியா, நல்லாருக்கே. இன்னைக்கு காது கேக்குது போல."

லேகா வாயை மூடிக்கொண்டாள்.

6

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். கதையே அந்தச் சொல்தான்.

எங்கள் பக்கத்தில் பற்றாது என்றால் ஒட்டாது. பற்றாது என்றால் என்னால் ஆகாது, மலையாளத்தில் பற்றில்ல என்பார்களே, அது. பத்தாது என்றால் போதாது. எழுதும்போது போதாததையும் பற்றாது என்றே எழுதலாம். பற்றாக்குறை என்கிறோமே. தாளில் மூன்றும் ஒன்று. வாயில் மட்டும் ஒரு வித்தியாசம். பத்தாதுக்கு நாக்கு நுனி பல்லைத் தொடும், பற்றாதுக்குக் கொஞ்சம் மேலே ஈறைத் தொடும். அரை விரல்கட்டைகூட இல்லாத தூரம். நல்ல காது அதைப் பிரித்துவிடும். தகரக் கூரையில் மழை பெய்யும்போது, கெட்ட காது பிரிக்காது.

அவர் செய்ததும் முட்டாள்தனம் இல்லை. மழைக் குளிரில் பிசின் இறுக நேரமாகும். மருந்தைக் கொஞ்சம் கூட்டுவது வழக்கம்தான். பத்தாது என்று கேட்டவருக்கு அது முழு அர்த்தத்தோடு கேட்டது.

ஒட்டின் உள்ளே நடந்ததை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மருந்து அதிகமானதால் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட இடங்களில் பிணைப்புகள் தொடங்கின. ஒவ்வொன்றும் தன் பங்குச் சூட்டை வெளியே தள்ளியது. சூடு வெளியேறுவதற்குள் அடுத்த சூடு. அவசரமாக இறுகிய வலைக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள். அடியிலோ ஈரம். அது தன்னோடு தானே நன்றாகச் சேர்ந்துகொண்டது, படகோடு சேரவில்லை. மேலே சாயங்காலம் வெள்ளை வண்ணம் பூசினார்கள். பார்க்க அழகாக இருந்தது.

இப்போது அது லேகாவுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று அவள் நினைத்தாள்.

7

ஏன் சொல்லவில்லை?

இந்தக் கேள்வியில் பத்து நாள் நின்றேன். பயம் என்று எழுதிப் பார்த்தேன். கருணை என்று எழுதிப் பார்த்தேன். இரண்டும் அவளுக்குப் பொருந்தவில்லை. சொல்வதற்கு அவள் முதலில் பதினோரு வருடத்தை உடைக்க வேண்டும். அந்த வலப்பக்கம் நிற்றலை, பாயசத்தை, யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த ஏற்பாட்டை. உடைக்க வெளியிலிருந்து சக்தி வேண்டும். சனிக்கிழமை மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு போய், ஞாயிறு கோயிலுக்குப் போய்வந்து, ஒரு வாரத் துணியைத் துவைத்துப் போட்ட பெண்ணிடம் அது இல்லை. கெட்டவளாக இருப்பதால் இல்லை. மிச்சம் எதுவும் இல்லாததால்.

இதைப் படிக்கிற சில பெண்கள் இங்கே தலையாட்டுவார்கள். ஆட்டாதீர்கள். நான் அவளை மன்னிக்கவில்லை. அவளும் தன்னை மன்னிக்கவில்லை. சனிக்கும் திங்களுக்கும் நடுவில் அவள் அந்தப் படகில் ஏறப்போகிற எட்டுப் பேரை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

எழுதிப் பார்த்த முடிவுகளை ஒளிக்காமல் வைக்கிறேன்.

சொல்லிவிடுகிறாள். ரெத்தினதாஸ் எலியாவை அனுப்பிவிடுகிறார். "உண்மைக்கு ஒரு விலை" என்று ஒரு வரிகூட வந்துவிட்டது. அந்த வரியைக் கண்டதும் மொத்தத்தையும் கிழித்தேன்.

சொல்லவில்லை, படகு பொழிமுகத்தில் மூழ்குகிறது. இதை எழுத எனக்கு நாலே வரி போதுமாக இருந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததே எனக்குப் பயமாக இருந்தது. உங்களை உலுக்குவதற்காக எட்டுப் பேரைத் தண்ணீரில் தள்ளுகிற ஆளா நான்?

சொல்லவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஒட்டு ஆறு வருடம் நிற்கிறது. நடக்கக்கூடியதுதான். சில மோசமான ஒட்டுகள் ஏனோ நின்றுவிடும். லேகா இதைத்தான் நம்ப ஆசைப்பட்டாள். என் முக்கால்வாசி வாழ்க்கையை நானும் இதை நம்பித்தான் ஓட்டியிருக்கிறேன்.

தன் தப்பு என்று சொல்லிவிடுகிறாள். "எனக்கு ஒரு தெற்று பற்றிப்போச்சு மொதலாளி." எங்கள் பேச்சில் யாரும் தப்பைச் செய்வதில்லை. தப்பு வந்து ஆளைப் பற்றிக்கொள்ளும். இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது, இரண்டு நாள். பிறகு பார்த்தால், அவளைப் புனிதவதியாக்கிவிட்டு எலியாவின் காதை அப்படியே அடுத்த படகுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

இவ்வளவு எழுதிய பிறகுதான் கவனித்தேன். எல்லா முடிவிலும் லேகா பேசுகிறாள், அல்லது பேசாமல் இருக்கிறாள். எலியாவை நான் ஒன்றும் கேட்கவே இல்லை. ரெத்தினதாஸ் நடத்துகிற மாதிரிதான் நானும் அவரை நடத்தியிருக்கிறேன்.

8

திங்கள் காலை எட்டரை மணி. மழை இல்லை. ஷெட்டுக்கு ரெத்தினதாஸ் இன்னும் வரவில்லை. சிபியின் படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டியிருந்தார்கள். கரையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஆரஞ்சு நிற உயிர்காப்பு உடைகளை மாட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பெண் ஒருத்திக்கு அது முழங்கால்வரை தொங்க, அதைப் பார்த்து அவளுடைய அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள்.

எலியா படகுத்துறையின் கல்லில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். லேகா அவருடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே."

"ம்."

"சனியாழ்ச்ச நான் சொன்னது பத்தாதுன்னு இல்ல. பற்றாதுன்னு. அடியில ஈரம் கெடந்து."

எலியா பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"எனக்கு அறியாம், மக்கா."

(தமிழ்நாட்டு வாசகர்கள் கவனிக்கவும். அறியாமல் என்பது இல்லை இது. எனக்குத் தெரியும் என்கிறார்.)

லேகா அவரைப் பார்த்தாள். "எப்பம் தெரியும்?"

"மக்குல பொக வந்தப்பளே. முப்பது வருசம் இந்த நாத்தத்த மோந்தவனில்லியா நான்? நீ தொட்டுட்டு கைய எடுத்தியே, அதையும் கண்டேன்."

"பின்னே என்னத்துக்கு சிரிச்சீங்க?"

"வேற என்ன செய்ய. அவன் நிக்கான். நீ செல்லுவேன்னு நெனச்சேன்." மிதித்த பீடியைக் காலால் தண்ணீருக்குள் தள்ளினார். "நீ செல்லிட்டேன்னா எனக்கு செல்லண்டாமே."

"நானும் அப்படித்தான் அண்ணே இருந்தேன்."

"அது தெரியும்."

இரண்டு பேரும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒன்றை நடுவில் இறக்கி வைத்தபோது அது குறையவில்லை. ஆனால் லேகாவுக்கு இரண்டு நாளில் முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. (இங்கே வேதியியல் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொல்லத் தெம்பும் இல்லை.)

சிபி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். படகின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்து, வெள்ளை வண்ணத்தை உள்ளங்கையால் தடவினான்.

"எலியாண்ணே, சூப்பராக்கும். எடுக்கட்டா?"

ரெத்தினதாஸின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுக்கில் கேட்டது. இனி சொல்வதெல்லாம் அவர் காதிலும் விழும்.

இந்த இடத்தோடு என் பங்கு முடிகிறது. பதில் சொல்ல வேண்டியவர் இரண்டு பேர். லேகா சொன்னால், பதினோரு வருடம் பக்கத்தில் நின்றவரின் காது ரகசியத்தைச் சந்தையில் போட்டு உடைப்பவள் அவள். எலியா சொன்னால், தன் வேலையைத் தன் வாயாலேயே முடித்துக்கொள்கிறவர் அவர். எது நியாயம் என்று பல நாள் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே யார் என்பதை உங்களிடம் விடுகிறேன்.

அதை மட்டும்தான் விடுகிறேன். இரண்டு பேரும் வாய் திறக்காத ஒரு முடிவு இந்தக் கதைக்கு உண்டு. அதை எழுதி, படித்துப் பார்த்து, எரித்துவிட்டேன். அது உங்களுக்குக் கிடையாது.

கோயம்புத்தூர்க் குடும்பம் ஒவ்வொருவராகப் படகில் ஏறிவிட்டது. அந்தச் சின்னப் பெண் முன்பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து அங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பெயரைச் சொல்லுங்கள், லேகாவா எலியாவா. கொஞ்சம் சீக்கிரம். சிபி கயிற்றை அவிழ்க்கிறான்.